கேட்காமல் வாங்கிய அன்னாசிச் சோறு

ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் தொடர்ந்து நான் அன்னாசிப் பழத்தை நீளவாக்கில் பிளந்து, நடுவைக் குடைந்து, அதற்குள் சோற்றை அடைத்துக்கொண்டிருந்தேன். தம்புள்ளைச் சந்தைக்கு மரக்கறி லொறி ஓட்டுகிற என் வீட்டுக்காரர், "இந்த வீட்டுல தட்டுக்கு என்ன பஞ்சமா வந்துருச்சு?" என்று முதல் வாரம் கேட்டார். இரண்டாம் வாரம் சிரித்தார். மூன்றாம் வாரத்திலிருந்து வாயைத் திறக்காமல் அன்னாசியை அவரே கொண்டுவந்து அடுப்படியில் வைத்துவிட்டுப் போனார். எனக்கு ஒன்று பிடித்துக்கொண்டால் விடமாட்டேன் என்பது அவருக்குத் தெரியும்.

அந்தச் சோறு எனக்குச் சரியாக வராமலே போயிருக்கலாம். சமையல் தெரியாத மூதேவியாக நான் பிறந்திருந்தால் இதில் எழுத ஒன்றுமே இருந்திருக்காது.

மாத்தளை டவுனில் ஒரு கம்பனியில் எனக்குக் கிளார்க் வேலை. பிறந்தது உக்குவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், வரிசையாகக் கட்டிய லயத்து வீடொன்றில். ஆபீசில் யாராவது "உங்களுக்கு எந்த ஊர்?" என்று கேட்டால் "மாத்தளைதான்" என்பேன். பொய் இல்லையே, தோட்டமும் மாத்தளை மாவட்டம்தானே என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொள்வேன். கேட்டவர்கள் டவுன் என்று நினைத்துக்கொள்வார்கள். நினைக்கட்டும் என்று விட்டுவிடுவேன். பத்து வருஷமாக அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வருஷம் ஆபீஸ் ட்ரிப் கொழும்புப் பக்கம் ஒரு பார்க்குக்கு. தண்ணீர்ச் சறுக்கு, ராட்டினம், பேய் வீடு எல்லாம் உள்ள பெரிய பார்க். ஒவ்வொருவரும் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிவரலாம் என்றார்கள். வீட்டுக்காரருக்கு லீவு இல்லை. ஒன்பது வயது மகள், "அப்ப பெரியம்மா வரட்டும்!" என்று குதித்தாள். வேண்டாம் என்று சொல்ல நான் காரணம் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் அவளே போனை எடுத்து என் அக்காவிடம் விஷயத்தைச் சொல்லி முடித்துவிட்டாள்.

அக்கா எனக்கு ஆறு வயது மூத்தவள். இன்னமும் அதே தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். அவள் வாய்க்கு முன்னால் கங்காணியே நிற்க மாட்டார். சாப்பாடு என்றால் அவளுக்கு உயிர். கோழிக் கழுத்தை அவள் உறிஞ்சி உறிஞ்சிச் சாப்பிடுவதைப் பார்த்தால் வயிறு நிறைந்தவளுக்கும் பசிக்கும். அப்படிப்பட்டவள் அப்போது விரதத்தில் இருந்தாள். அவளுடைய ஒரே மகளுக்கு இரண்டு தடவை வயிற்றிலேயே கலைந்து, மூன்றாவது பிள்ளை தங்கி ஆறாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. "தாயே, இதையாவது எங்க கையில குடுத்துரு, ஒரு மண்டலம் சுத்தமா இருந்து உனக்குத் தீச்சட்டி எடுக்கிறேன்" என்று தோட்டத்து அம்மனிடம் நேர்ந்திருந்தாள். நாற்பத்தெட்டு நாள் மீன், இறைச்சி, முட்டை எதுவும் ஆகாது. நாளுக்கு ஒரு வேளைச் சோறுதான். கடைசியில் திருவிழாவன்று நெருப்பு எரிகிற மண்சட்டியைக் கையில் ஏந்திக் கோயிலுக்கு நடக்க வேண்டும். எங்கள் ட்ரிப் வந்தது அந்த விரதத்தின் முதல் வாரம்.

விடிவதற்கு முன்னாலேயே பஸ் ஏறினோம். அக்கா மஞ்சள் சேலையில், நெற்றி நிறைய விபூதியும் குங்குமமுமாக, மடியில் ஒரு பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னக்கா பையில?"

"புளிச்சோறுடி. வாழையிலையில கட்டியிருக்கேன். ஒரு வேளைதான் திங்கிறேன், அதைக் கண்ட எடத்துல போய்த் திங்க முடியுமா?"

"மெதுவாப் பேசுக்கா."

"ஏன், புளிச்சோறு என்ன கள்ளக் கடத்தலா?" என்று பஸ் முழுக்கக் கேட்கச் சிரித்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பார்க் வாசலில் எல்லோரும் இறங்கினார்கள். ஆபீஸ் பெண்கள் கறுப்புக் கண்ணாடி, தொப்பி, காற்சட்டை என்று ஆளே மாறியிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் வாழையிலைப் பொட்டலம் பிரிவதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. "அக்கா, வெளிச் சாப்பாட்ட உள்ள விட மாட்டாங்க. பஸ்லயே வெச்சிரு" என்றேன். இதை நான் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டு சொல்லவில்லை. உள்ளே போய் அரை மணி நேரம் ஆகியிருக்காது, ஒரு மரத்தடியில் பெரிய குடும்பம் ஒன்று பாய் விரித்துச் சோற்றுப் பார்சல்களைப் பிரித்துக்கொண்டிருந்தது. நான் அக்காவின் தோளைப் பிடித்து, "அங்க பாருக்கா ராட்டினம், எவ்வளவு ஒசரம்!" என்று மறுபக்கம் திருப்பினேன். அவளும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள்.

மத்தியானம் ரெஸ்டோரன்டுக்குப் போனோம். கப்பல் மாதிரிக் கட்டியிருந்தார்கள். பரிமாறுகிற பையன்கள் கடற்கொள்ளைக்காரர்கள் போல ஒரு கண்ணைக் கறுப்புத் துணியால் மூடியிருந்தார்கள். "ஐயோ பாவம், எல்லாப் புள்ளைகளுக்கும் கண்ணு நோவா?" என்று அக்கா கேட்க, என் மகள் சிரித்துச் சிரித்துப் புரையேறினாள். அவர்களை மேசையில் உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் வரிசைக்குப் போனேன். அன்னாசிக்குள் சோறு அடைத்து வைத்த ஒரு படம் மேலே தொங்கியது. பக்கத்தில் வெஜிடபிள் என்று போட்டிருந்தது. அதில் மீன் சோஸ், இறைச்சிச் சாறு ஏதும் சேருமா என்று கேட்க வேண்டும். சிங்களம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. கேள்வியை வாய்க்குள் தயாராக வைத்திருந்தேன்.

எனக்குப் பின்னால் மெனேஜரின் மனைவி, நாங்கள் நோனா என்று கூப்பிடுகிறவர், வந்து நின்றார். நல்ல மனுஷி, கெட்ட எண்ணம் இல்லாதவர். எங்கள் மேசைப் பக்கம் பார்த்து, "அவங்க யாரு? உங்க வீட்டுல வேலைக்கு இருக்கிறவங்களா?" என்று கேட்டார்.

"இல்ல நோனா, ஊர்ல இருந்து வந்த சொந்தக்காரங்க" என்றேன்.

கூடப் பிறந்தவளை! ஒரே மார்பில் பால் குடித்தவளைச் சொந்தக்காரங்க என்றேன். நாக்கு கூசவில்லை. கண்ணை மூடிய பையன் "என்ன வேண்டும்?" என்று கேட்டான். வேலைக்காரியா என்று கேட்டவர் காதுபட, விரதம், சைவம், சோஸில் என்ன இருக்கிறது என்றெல்லாம் நீட்டி முழக்க எனக்கு வாய் வரவில்லை. படத்தைக் காட்டினேன், மூன்று என்றேன், காசைக் கட்டினேன்.

தட்டை மேசையில் வைத்ததும் அக்கா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "கேட்டியாடி?"

"கேட்டேன்க்கா. முழுக்க மரக்கறிதான்."

"நல்லாக் கேட்டியா?"

"ஒனக்கு என்ன சந்தேகம்? சிங்களத்துலயே கேட்டேன், சாப்பிடு" என்று எரிந்து விழுந்தேன். தப்புச் செய்தால் எனக்குக் கோபம் வரும், அது என் பழைய வியாதி. அவள் கண்ணை மூடி அம்மனை நினைத்துவிட்டு ஒரு வாய் எடுத்துப் போட்டாள். கண் விரிந்தது. "அடியே! தேவலோகத்துல இதத்தான் பொங்குறாங்களோ!" என்று அன்னாசி ஓட்டைச் சுரண்டிச் சுரண்டிச் சாப்பிட்டாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் புளிச்சோறு புளித்துப்போய் நாறியது. எறிய மனசில்லாமல் கண்டி தாண்டும்வரை மடியிலேயே வைத்திருந்தாள்.

வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மகள் பிடித்துக்கொண்டாள். "அம்மா, அந்த அன்னாசிச் சோறு." ஆபீசில் சாப்பாட்டு நேரத்தில் பெண்கள், "அதெல்லாம் வீட்டுல வரவே வராது" என்றார்கள். "ஏன் வராது?" என்று நான் சவால் விட்டேன். அக்காவும் இரண்டு நாளைக்கு ஒரு தடவை போன் பண்ணி, "என்னடி, கண்டுபிடிச்சியா? எனக்குப் பருப்பும் கீரையும் தின்னு நாக்கு செத்துருச்சு. அத மட்டும் நீ செஞ்சுட்டீன்னா மிச்ச நாள ஓட்டிருவேன்" என்று கெஞ்சுவாள். ஆக இவர்கள் இரண்டு பேருக்காகவும் வீம்புக்காகவும் நான் அடுப்பில் இறங்கினேன்.

முதல் ஞாயிறு கீரிச் சம்பா அரிசியில் செய்தேன். குழைந்து கஞ்சியாகப் போனது. அடுத்த வாரம் பாஸ்மதி வாங்கி, அரை வேக்காட்டில் வடித்து ஆறவைத்துச் செய்தேன். பருக்கை பருக்கையாக நின்றது, ஆனால் ருசி இல்லை. மூன்றாம் வாரம் மார்ஜரினை விட்டுவிட்டுப் பட்டர் போட்டேன், மிளகாய்த் தூளை விட்டு வெள்ளை மிளகு போட்டேன், லீக்ஸை நிறம் மாறாமல் கடைசியில் போட்டேன், கஜு என்கிற முந்திரிப் பருப்பை உடைக்காமல் வறுத்துச் சேர்த்தேன். நாலாம் வாரம் அன்னாசித் துண்டுகளைச் சீனியில் பிரட்டிப் போட்டேன். மகள் ஒவ்வொரு தடவையும் பெரிய நீதவான் மாதிரி மென்று பார்த்துவிட்டு, "கிட்ட வந்துருச்சும்மா. ஆனா அது இல்ல" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கரண்டியை எறிந்தது கூட உண்டு.

ஐந்தாம் வாரம் பக்கத்து வீட்டுத் தாத்தா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். தாத்தா என்றால் கிழவர் இல்லை. எங்கள் பக்கத்து முஸ்லிம் ஆட்கள் மூத்த சகோதரியை அப்படித்தான் கூப்பிடுவார்கள், நானும் அவரை அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். கல்யாண வீடுகளுக்கு ஓடர் எடுத்துச் சமைக்கிறவர். ஒரு கரண்டி சோறு கொடுத்தேன். மென்றார், தலையை ஆட்டினார்.

"எல்லாம் சரியாத்தான் ஈக்கி புள்ள. கடை ருசி வேணும்டா சிக்கன் கியூப் போடணும். அது இல்லாம வாராது."

"இது மரக்கறிச் சோறு தாத்தா."

"மரக்கறிதான். மேல மரக்கறி, அடியில கியூப். பெரிய கடையள்ல அதத்தான் போடுற. இல்லாட்டி வெறும் கரட்டுக்கும் லீக்ஸுக்கும் அந்த ருசி எங்கேருந்து வார?" என்றவர் என் முகத்தைப் பார்த்து, "ஏன், நீங்க சைவச் சாப்பாட்டுக்குக் கேக்கிறல்லயா? நாங்கெண்டா எங்க போனாலும் ஹலாலாண்டு கேட்டுட்டுத்தான் கதிரைய இழுக்கிற. கேக்கிறதுக்கு என்ன வெக்கம்? வயித்துக்குள்ள போற சாமானல்லவா" என்றார். உள்ளே போய் இரண்டு கியூப்பை எடுத்துவந்து என் கையில் வைத்தார்.

நான் அதைக் குப்பையில் போட்டிருக்கலாம். போட்டிருந்தால் கடைசிவரை சந்தேகம் என்ற ஒன்று மிஞ்சியிருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு காலத்தை ஓட்டியிருப்பேன். ஆனால் எனக்குத் தெரிந்தாக வேண்டும் என்று ஒரு வெறி. பட்டர் உருகியதும் ஒரு கியூப்பைப் பொடித்துப் போட்டேன். வாசம் எழுந்தவுடனேயே தெரிந்துவிட்டது. கப்பல், கண் மூடிய பையன்கள், பின்னால் நின்ற நோனாவின் பவுடர் வாசம் எல்லாம் அந்தப் புகையோடு வந்தன. மகள் ஒரு வாய் வைத்தாள்.

"அம்மா! இதேதான்! இதேதான்மா!" என்று அடுப்படியைச் சுற்றி ஆடினாள். "பெரியம்மாவுக்குப் போன் பண்ணவா?"

"போனத் தொட்டே, கைய ஒடிச்சிருவேன்" என்று கத்தினேன். பிள்ளை மிரண்டுபோய் நின்றது. நான் தரையில் உட்கார்ந்து கியூப் சுற்றிவந்த தாளை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தேன். கோழி இறைச்சித் தூள், கோழிக் கொழுப்பு என்று பொடி எழுத்தில் இருந்தது. வெறும் வாசம்தானே, அதில் எங்கே கோழி இருக்கிறது என்று சமாதானம் சொல்லப் பார்த்தேன். அந்தத் தாளே என்னை விடவில்லை.

சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணினேன். இன்னும் நாலு நாளில் கோயிலில் அக்காவுக்குக் காப்புக் கட்டுவார்கள். மணிக்கட்டில் அந்த மஞ்சள் கயிறு ஏறிவிட்டால் பின்வாங்க முடியாது. அதற்கு முன்னால் சொன்னால் வழி உண்டு. தெரியாமல் நடந்த குற்றத்தை அம்மனிடம் ஒப்புக்கொண்டு, தலை முழுகி, தீச்சட்டியை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவைக்கலாம். எத்தனையோ பேர் அப்படிச் செய்திருக்கிறார்கள். அக்கா என்னை நாலு திட்டுத் திட்டுவாள், அவ்வளவுதான் நடந்திருக்கும்.

அடுத்த நாளே ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போனேன். லயத்து வாசலில் பக்கத்துக் காம்பரா வீடுகளின் பெண்கள் நாலைந்து பேரோடு அக்கா உட்கார்ந்திருந்தாள். அவள் மகள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு கதவில் சாய்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. "இந்தா வந்துட்டா! நான் சொன்னேன்ல, அன்னாசிக்குள்ள சோறு? எம் தங்கச்சி சிங்களத்துலயே அந்தத் தொரைமாருகிட்டப் போயி, எங்கக்கா வெரதம், சுத்தமானதாக் குடுன்னு கேட்டு வாங்கிட்டு வந்தா. இவ இல்லாட்டி நான் அன்னிக்குப் பட்டினிதான். படிச்ச புள்ளைன்னா சும்மாவா?"

நான் கேட்காத கேள்விக்கு அவள் வசனம் எல்லாம் எழுதி வைத்திருந்தாள். பெண்கள் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள். அக்காவின் மகள், "சித்தி, எனக்கும் ஒரு நா செஞ்சு தாங்க" என்றாள். நான் அவர்கள் ஊற்றிக் கொடுத்த சாயத் தண்ணீரை, பால் இல்லாத தேநீரைக் குடித்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன். பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

காப்புக் கட்டினார்கள். எட்டு நாள் கழித்துத் திருவிழா. ஆற்றங்கரையிலிருந்து கோயில்வரை வெயிலில் ஊர்வலம். ஏழெட்டுப் பெண்கள் கைநிறைய வேப்பிலை வைத்து, அதன்மேல் தீச்சட்டியை ஏந்தி நடந்தார்கள். அக்கா மூன்றாவதாக நடந்தாள். நான் பட்டுச்சேலை கட்டி, செம்பில் மஞ்சள் தண்ணீரோடு அவளுக்குப் பின்னால் நடந்தேன். அவள் மகளைக் கோயில் வாசலில் கதிரை போட்டு உட்கார வைத்திருந்தார்கள். பாதிவழி நன்றாகத்தான் போனது. தேயிலை ஸ்டோருக்கு முன்னால் வளைவு திரும்பும்போது டப்பென்று ஒரு சத்தம். அக்காவின் சட்டி இரண்டாக விரிந்து கங்கெல்லாம் ரோட்டில் கொட்டியது. அவள் இடது உள்ளங்கை வெந்துபோனது. அவள் கத்தவில்லை. உடைந்த ஓடுகளை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்து மறுபடி சட்டியாக்கப் பார்த்தாள்.

மேளம் நின்றது. சட்டியில் முதலிலேயே கீறல் இருந்திருக்கலாம், யார் கண்டது. ஆனால் எங்கள் ஊரில் அப்படி யாரும் பேச மாட்டார்கள். பூசாரி அவள் முன்னால் வந்து, "வெரதத்துல என்ன கொற வெச்ச தாயி? மறைக்காமச் சொல்லு" என்று கேட்டார்.

அக்கா யோசித்தாள். ஊரே அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது. "சாமி, கொழுந்து மலையில பகல் சோத்துக்கு ஒக்காந்தப்ப பக்கத்துல ஒருத்தி கருவாட்டுக் கொழம்பத் தெறந்தா. நான் மோந்து பாத்துட்டேன். வாயில எச்சி ஊறிருச்சு. அது ஒண்ணுதான் சாமி. ஆத்தா மேல சத்தியமா வேற ஒண்ணுமில்ல" என்றாள்.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். "நாக்கக் கட்ட முடியாதவளுக்கு எதுக்குத் தீச்சட்டி?" என்று ஒரு கிழவி சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். "அவ இல்ல, நான்" என்று மூன்று வார்த்தை. செம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கல் மாதிரி நின்றேன். பட்டுச்சேலை கட்டிய, டவுனில் வேலை பார்க்கிற, படித்த தங்கச்சி. சீ! மற்றப் பெண்கள் சட்டியோடு முன்னே போக, அக்கா வெறும் கையை நீட்டியபடியே கடைசி ஆளாக நடந்து கோயிலுக்குப் போனாள். அவள் மகள் கதிரையிலிருந்து எழுந்து, "அம்மா, சட்டி எங்கம்மா?" என்று அழத் தொடங்கினாள்.

அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை பிறக்கும்வரை நான் பட்ட பாட்டை யாரிடமும் சொல்லவில்லை. போன் அடித்தால் நெஞ்சு நின்றுபோகும். ஆண் பிள்ளை, சுகமாகப் பிறந்தான். தாயும் நலம். வீட்டுக்காரர் சந்தோஷத்தில் இனிப்பு வாங்கி வந்தார். எனக்குத் தப்பித்தேன் என்று இருந்தது. அது எப்படிப்பட்ட எண்ணம் என்று அன்று மாலை அக்கா போன் பண்ணியபோதுதான் தெரிந்தது.

"ஆத்தா பெரிய மனசு பண்ணிட்டாடி. நான் அவ்வளவு கொற வெச்சும் குடுத்துட்டா. அதுக்கு நானும் ஒண்ணு விடணும்ல? கோழி, மீனு, கருவாடு எல்லாத்தையும் விட்டுட்டேன். சாகுற வரைக்கும் தொடமாட்டேன்னு சூடத்துல அடிச்சுச் சத்தியம் பண்ணிட்டேன்."

"ஏன்க்கா அப்பிடிப் பண்ணுன?" என்று கேட்டேன். "வாயாலதானே கெட்டேன், வாயாலதான் கட்டணும்" என்று சிரித்தாள். "புள்ளையோட முப்பத்தோராம் நாளுக்கு நீ அந்த அன்னாசிச் சோத்தச் செஞ்சு எடுத்துட்டு வா. இனி எனக்கு வாய்க்கு ருசியா இருக்கிறது அது ஒண்ணுதான்."

முப்பத்தோராம் நாள் விடியவே எழுந்து செய்தேன். கியூப் இல்லாமல் அந்த ருசியை வரவைக்க என்னென்னவோ பண்ணினேன். காளானை வறுத்துப் போட்டேன், வெங்காயத்தைக் கருகக் கருக வதக்கிப் போட்டேன். மூன்று அன்னாசியை அலங்கரித்துக் கூடையில் வைத்து எடுத்துப்போனேன். பிள்ளைக்குப் பெயர் வைத்து, வந்தவர்கள் எல்லாம் சாப்பிட்டுப் போன பிறகு அக்கா உள்காம்பராவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஆசையோடு ஒரு வாய் எடுத்துப் போட்டாள். மென்றாள். இன்னொரு வாய் போட்டாள். முகம் மெல்ல வாடியது.

"அந்த ருசி இல்லியேடி."

"அப்பிடியா?"

"இல்ல, நீ நல்லாத்தான் செஞ்சிருப்ப. எனக்குத்தான் நாக்கு செத்துப்போச்சு போல. ஆத்தா அதையும் எடுத்துக்கிட்டா" என்றாள்.

இதையும் அவள் தன் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டதுதான் எனக்குத் தாங்கவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கியூப், தாத்தா சொன்னது, மகள் ஆடியது, காப்புக்கு முன்னால் நான் வந்து சாயத் தண்ணீர் குடித்துவிட்டுப் போனது. அழுதுகொண்டே சொன்னேன். அவள் அழவில்லை. வாயில் இருந்ததை மென்று விழுங்கிவிட்டு அன்னாசியைத் தள்ளிவைத்தாள்.

"கோழிய விடு. அது யாருக்குத் தெரியும்? நீ கேட்டேன்னு சொன்னியே."

நான் தலையைக் குனிந்தேன்.

"கேக்கவே இல்லியா?"

"இல்லக்கா."

"கருவாட்ட மோந்தேன்னு ஊரு முன்னாடி சொன்னேனே, அப்ப நீ எங்கடி நின்ன?"

"ஒனக்குப் பின்னாடிதான்."

அவள் நான் அன்றைக்கும் கட்டியிருந்த பட்டுச்சேலையைப் பார்த்தாள். இடது கையை மடியில் புதைத்துக்கொண்டாள். உள்ளங்கையில் தோல் இன்னும் சரியாக ஏறியிருக்கவில்லை. "ஏன்டி கேக்கல? சிங்களம் தெரியாதா ஒனக்கு?"

"வெக்கமா இருந்துச்சுக்கா."

"யாரப் பாத்து?"

மெனேஜரின் மனைவி பின்னால் நின்றார் என்று சொல்லலாம். அதுவும் உண்மைதான். ஆனால் அவள் கேட்டது அது இல்லை என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். சொந்தக்காரங்க என்று சொன்னதை மட்டும் நான் அன்றைக்கும் சொல்லவில்லை, இன்றுவரையும் சொல்லவில்லை. பேரன் அழுத சத்தம் கேட்டு அக்கா எழுந்து போனாள். நான் மூன்று அன்னாசியையும் கூடையில் வைத்து மூடிக்கொண்டு கீழே இறங்கினேன்.

நாலு மாதம் அவள் என்னோடு பேசவில்லை. எத்தனை தடவை போன் பண்ணினாலும் அவள் மகள்தான் எடுத்து, "அம்மா மலைக்குப் போயிருக்காங்க சித்தி" என்பாள். விட்ட கோழியையும் அவள் திரும்பத் தொடவில்லை. "சத்தியம் ஆத்தாவுக்குப் பண்ணுனது, அவளுக்காப் பண்ணுனேன்?" என்று மகளிடம் சொன்னாளாம். அப்புறம் போன வாரம் திடீரென்று அவளே கூப்பிட்டாள். பேரனுக்கு ஊசி போட மாத்தளைக்கு வருகிறோம், பஸ் ஸ்டாண்டுக்கு வா என்றாள்.

நான் ஓடிப்போனேன். ஊசி போட்டு முடித்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அக்காவின் மகள் மருந்து வாங்கப் போனாள். நானும் அக்காவும் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தோம். மத்தியான நேரம், கடை நிரம்பி வழிந்தது. நான் எழுந்து, "நான் கேட்டுட்டு வர்றேன்க்கா" என்றேன். அவள் என் கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டுத் தானே கவுண்டருக்குப் போனாள். அரைகுறைச் சிங்களத்தில், மலைக்கு மலை கூப்பிடுகிற அந்தக் குரலில், "மாத்தயா, மேக்கே மஸ் தியெனவத?" என்று கேட்டாள். இதில் இறைச்சி இருக்கிறதா என்று. அவன் இல்லை என்றான். "கியூப்?" என்றாள். கடையே திரும்பிப் பார்த்தது. அவன் உள்ளே போய்ச் சமையற்காரனிடம் கேட்டுவிட்டு வரும்வரை இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

எனக்குப் பெருமையாக இருந்திருக்க வேண்டும். இருந்தது என்று எழுதிவிடலாம். ஆனால் அந்த நேரத்தில் என் கண் முதலில் போனது வாசலுக்கு, பிறகு ஒவ்வொரு மேசைக்கும். ஆபீஸ் ஆட்கள் யாராவது இருக்கிறார்களா என்று.

அக்கா இரண்டு தட்டோடு வந்தாள். என் முன்னால் ஒன்றை வைத்தாள். தன் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் கேட்டாள்.

"தெரிஞ்சவங்க யாரும் இல்லியே?"

நான் தட்டைக் கிட்ட இழுத்துக்கொண்டேன்.

"அப்ப சாப்பிடு" என்றாள்.